இரண்டரைக் கோடியும் வைண்டிங் கம்பியும்: திறன் மேம்பாட்டுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலன் மற்றும் திறன் மேம்பாட்டுத் துறைச் செயலர் அவர்களுக்கும், அரசு ஐடிஐகளை, அதாவது தொழிற்பயிற்சி நிலையங்களை, அன்றாடம் நடத்திவரும் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அலுவலர்களுக்கும் வணக்கம்.

நான் 1989இல் இளநிலைப் பயிற்சி அலுவலராக ஓர் அரசு ஐடிஐயில் சேர்ந்தேன். பிட்டர் பிரிவு. 2022இல் அதே பிரிவிலிருந்து ஓய்வுபெற்றேன். இடையில் இரண்டு மாறுதல்கள், பன்னிரண்டு நிலைய முதல்வர்கள். என்னிடம் அரம் பிடிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளில் சிலர் இன்று சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறார்கள், சிலர் ரயில்வேயில் இருக்கிறார்கள், வளைகுடாவுக்குப் போனவர்கள் பொங்கலுக்கு ஊர் வரும்போது வீடு தேடி வருகிறார்கள். அந்த வாழ்க்கையை எனக்குக் கொடுத்தது இந்தத் துறை. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

இப்போது எழுதக் காரணம் பி.எம். சேது திட்டம். 2025 மே மாதம் ஒன்றிய அமைச்சரவை இதற்கு ஒப்புதல் கொடுத்தது. அக்டோபர் 4 அன்று பிரதமர் தொடங்கிவைத்தார். நாடு முழுக்க 1,000 அரசு ஐடிஐகளை மேம்படுத்தப் போகிறார்கள். 'ஹப்' என்று சொல்லப்படும் மைய நிலையங்கள் 200, அவற்றைச் சுற்றி 'ஸ்போக்' என்று சொல்லப்படும் இணை நிலையங்கள் 800. ஐந்து ஆண்டுகளுக்கு 60,000 கோடி ரூபாய். ஒரு மைய நிலையமும் அதன் இணை நிலையங்களும் சேர்ந்தது ஒரு தொகுப்பு. ஒவ்வொரு தொகுப்பையும் நடத்தப்போவது, இதற்கென்றே அமைக்கப்பட்டு, தொழில்துறை தலைமை ஏற்கும் ஒரு சிறப்பு நோக்க நிறுவனம். ஐடிஐகள் அரசுக்குச் சொந்தமாக இருக்கும், தொழில்துறை அவற்றை மேலாண்மை செய்யும் என்று அரசு அறிவிப்பே சொல்கிறது.

பணம் வருவதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. ஐம்பது ஆண்டுப் பழைய லேத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான். நான் கேட்பது மேலாண்மை என்ற அந்த ஒரு சொல்லைப் பற்றி. ஏனென்றால் இதே சொல்லோடு ஒரு திட்டம் இதற்கு முன்பும் வந்தது. அதன் குழுவில் நானே உறுப்பினராக உட்கார்ந்திருந்தேன்.

2007இல் வந்த திட்டம் அது. பொதுத்துறை, தனியார் கூட்டாண்மையில் 1,396 அரசு ஐடிஐகளை மேம்படுத்துவது என்று திட்டமிட்டார்கள். ஒவ்வொரு ஐடிஐக்கும் ஒரு நிலைய மேலாண்மைக் குழு. அதைச் சங்கமாகப் பதிவு செய்ய வேண்டும். தலைவர், கூட்டாளியாக வரும் தொழில் நிறுவனத்தைச் சேர்ந்தவர். அந்த நிறுவனம் நியமிக்கும் உள்ளூர்த் தொழில்துறையினர் நான்கு பேர். மாநில அரசு நியமிக்கும் ஐந்து பேர்: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலர், இயக்குநரகப் பிரதிநிதி, உள்ளூர்க் கல்வியாளர், மூத்த பயிற்றுநர், பயிற்சியாளர்களின் (பயிற்சி பெறும் பிள்ளைகளின்) பிரதிநிதி. ஐடிஐ முதல்வர் உறுப்பினர் செயலர். ஒன்றிய அரசு இரண்டரைக் கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாக நேரே அந்தச் சங்கத்தின் கணக்குக்கு அனுப்பும். மொத்த இடங்களில் 20 சதவீதம் வரை சேர்க்கையைக் குழுவே முடிவு செய்யலாம். காகிதத்தில் பார்த்தால் ஐடிஐகளின் வரலாற்றிலேயே அவ்வளவு அதிகாரம் நிலையத்துக்கு அதுவரை வந்ததில்லை.

எங்கள் குழுவில் மூத்த பயிற்றுநருக்கான நாற்காலி எனக்கு. பயிற்சியாளர் பிரதிநிதியாக எலக்ட்ரீசியன் பிரிவில் இரண்டாம் ஆண்டு படித்த ஒரு பெண். தினமும் இரண்டு பேருந்து மாறி வருபவள். முதல் இரண்டு கூட்டத்திலும் அவள் வாயைத் திறக்கவில்லை. எதிரே இருந்தவர்கள் வேற்று மொழி பேசியதுபோல அவளுக்கு இருந்திருக்கும். முன்பணம், திட்ட அறிக்கை, செலவுத் தலைப்பு மாற்றம் என்று எனக்கே பாதிதான் விளங்கியது. மூன்றாவது கூட்டத்தில் தலைவர் அன்போடுதான் கேட்டார்: "ஏம்மா, உங்க பக்கம் எதுவும் சொல்லணுமா?"

எழுந்து நின்று சொன்னாள். "சார், பெண்கள் கழிப்பறைக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் எரிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சு. வெளிய குடுக்க வேண்டாம். வைண்டிங் கம்பியும் வார்னிஷும் மட்டும் வாங்கிக் குடுத்தா நாங்களே கட்டிடுவோம். எங்களுக்கு அது சிலபஸ்லயே இருக்கு."

அறையில் இருந்த எல்லோருக்கும் அது நியாயமாகவே பட்டது. ஆனால் வாங்க முடியவில்லை. கட்டடப் பராமரிப்பு வேறு துறையின் பொறுப்பு. திட்டப் பணத்தை ஒப்புதல் பெற்ற நிலைய மேம்பாட்டுத் திட்டத்தில் உள்ள தலைப்புகளுக்கு மட்டும்தான் செலவழிக்கலாம். அந்தத் தலைப்புகளில் பம்பு மோட்டார் இல்லை. தலைப்பை மாற்ற மாநில அளவிலான குழுவுக்கு எழுத வேண்டும். முதல்வர் வருத்தத்தோடு இதை விளக்கினார். அவள் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தாள். அடுத்த வாரம் அந்தப் பிரிவுப் பயிற்றுநரும் பிள்ளைகளும் காசு போட்டுக் கம்பி வாங்கினார்கள். இரண்டு நாளில் மோட்டார் ஓடியது. குழுவின் கணக்கில் அன்றைக்கு இரண்டரைக் கோடி ரூபாய் இருந்தது.

அந்தப் பணம் ஏன் அங்கே கிடந்தது என்று சொல்லியாக வேண்டும். குழுவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. தலைவராக இருந்தவர் தொழில் தெரிந்தவர், எங்கள் பிள்ளைகளிடம் மரியாதையாகப் பேசியவர். பணம் கிடந்ததற்குக் காரணம் அது கடனாக வந்ததுதான். முதல் பத்து ஆண்டு தவணை கிடையாது. பதினோராம் ஆண்டிலிருந்து இருபது தவணைகளில் திருப்ப வேண்டும். ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம். பயிற்சிக் கட்டணமே வாங்காத, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை கொடுத்துப் பிள்ளைகளை வரவழைக்கிற ஓர் அரசு ஐடிஐ, ஆண்டுக்குப் பன்னிரண்டரை லட்சம் எங்கே சம்பாதிக்கும்? இதைக் கணக்குப் பார்த்த எந்தக் குடும்பத் தலைவரும் செய்வதைத்தான் எங்கள் குழுவும் செய்தது. பெரும்பகுதியை வங்கியில் வைப்பு நிதியாகப் போட்டது. கொஞ்சம் எடுத்து, ஆடிட்டில் கேள்வி வராத பொருட்களாகப் பார்த்து வாங்கியது. நிறைய கணினிகள் வாங்கினோம். நாட்டின் பல ஐடிஐகளில் இதேதான் நடந்தது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

சுயாட்சி கொடுத்தோம், அவர்கள் பயன்படுத்தவில்லை என்று பிறகு பேசினார்கள். அதைக் கேட்கும்போது எனக்கு வலித்தது. திருப்பிக் கட்டவேண்டிய கடனாகக் கொடுத்த அன்றே, அந்தக் குழு எப்படி நடக்கும் என்பதும் முடிவாகிவிட்டது. ஒரு குழுவில் யார் யார் இருப்பார்கள் என்று ஆணையில் ஒரு பக்கம் எழுதுகிறோம். பணம் எந்த நிபந்தனையோடு வருகிறது என்பது அடுத்த பக்கத்தில் இருக்கிறது. குழுவை நடத்துவது அந்த அடுத்த பக்கம்தான்.

இந்தக் குழப்பம் இன்று நேற்று வந்ததில்லை. கைவினைஞர் பயிற்சித் திட்டத்தை ஒன்றிய அரசு 1950இல் தொடங்கியது. 1956இல் ஐடிஐகளின் அன்றாட நிர்வாகம் மாநிலங்களுக்கு வந்தது. 1969 ஏப்ரல் 1 முதல் செலவும் மாநிலங்களின் தலையில் வந்தது. பாடத்திட்டம், அங்கீகாரம், தேர்வு, சான்றிதழ் எல்லாம் டெல்லியிலேயே தங்கிவிட்டன. அதனால் ஒரு ஐடிஐ முதல்வருக்குச் சம்பளமும் மாறுதலும் சென்னையிலிருந்து வரும். எத்தனை பேரைச் சேர்க்கலாம், என்ன இயந்திரம் இருக்க வேண்டும், எந்தத் தேதியில் தேர்வு என்பதெல்லாம் டெல்லியிலிருந்து வரும். இரண்டு பக்கமும் பதில் சொல்லும் பொறுப்பு அவருக்கு உண்டு, இரண்டு பக்கமும் எதையும் மாற்றும் அதிகாரம் இல்லை. 2013இல் செமஸ்டர் முறை வந்தது, 2018இல் மறுபடியும் ஆண்டுத் தேர்வுக்குப் போனோம். இரண்டு முறையும் எங்களுக்கு உத்தரவு வந்தது, கேள்வி வரவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு மனம் ஆறாத மாற்றம் நான் ஓய்வுபெற்ற ஆண்டில் வந்தது. ஆண்டுக்கு 1,600 மணி நேரமாக இருந்த பயிற்சி, 2022 பாடத்திட்டத்தில் 1,200 மணி நேரமானது. பிட்டர் முதலாம் ஆண்டில் செய்முறைக்கு இருந்த 1,000 மணி நேரம் 840 ஆனது. பட்டறையில் நின்றவர்களுக்கு இந்த 160 மணி நேரம் என்னவென்று தெரியும். ஒரு பையன் அரம் பிடித்த முதல் மாதம் முழுவதும், அவன் ராவும் இரும்புப் பிளாட்டின் நடுவில் மேடு விழும். தோள் ஆடும், கை மணிக்கட்டு மடங்கும். ட்ரை ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்தில் பார்த்தால் இரண்டு ஓரத்திலும் ஒளி தெரியும். திரும்பத் திரும்ப ராவ வேண்டும். எப்போது என்று சொல்ல முடியாத ஒரு நாளில் அந்த ஒளி மறையும். பையன் நம்மைத் திரும்பிப் பார்ப்பான். அந்த நாள் சிலருக்கு இரண்டாம் மாதத்தில் வரும், சிலருக்கு ஐந்தாம் மாதத்தில். மெதுவாக வருகிறவனும் நல்ல பிட்டர் ஆவான், நேரம் கொடுத்தால். நேரத்தைக் குறைக்கும்போது முதலில் விழுபவன் அவன்தான். அவன் பெரும்பாலும் வீட்டில் முதல் தலைமுறையாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன். மணி நேரத்தைக் குறைத்தவர்கள் காரணத்தோடுதான் குறைத்திருப்பார்கள். அந்த முடிவை எடுக்கும் முன் பயிற்றுநர்களிடம் கருத்துக் கேட்டு ஒரு தாளாவது எங்கள் நிலையத்துக்கு வந்திருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம்.

புதிய திட்டத்துக்கு வருகிறேன். 60,000 கோடியில் ஒன்றிய அரசின் பங்கு 30,000 கோடி, மாநிலங்களின் பங்கு 20,000 கோடி, தொழில்துறையின் பங்கு 10,000 கோடி. ஆறு ரூபாயில் ஐந்து ரூபாய் மக்கள் பணம். அதற்கு மேல் நிலமும் கட்டடமும் மாநிலத்துடையவை. பல ஐடிஐகள் ஊரின் நடுவில், இன்று விலைமதிப்பில்லாத இடத்தில் ஏக்கர் கணக்கில் நிற்கின்றன. ஆறில் ஒரு பங்கு போடுகிறவருக்குத் தலைமை என்றால், ஐந்து பங்கு போடுகிறவருக்கு என்ன உரிமை என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டியவர்கள் நீங்கள். மாநிலத்தின் சம்மதமில்லாமல் மாநிலத்துக்குச் சொந்தமான ஐடிஐ எந்த நிறுவனத்தின் கைக்கும் போக முடியாது. அந்தக் கையெழுத்துக்கு முன்பு இருக்கும் நாட்களில்தான் உங்கள் பலம் இருக்கிறது. கையெழுத்தான பிறகு கடிதம் எழுதலாம், அவ்வளவுதான்.

தொழில்துறை ஐடிஐக்குள் வரக்கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வராமல் இருந்ததால்தான் வெளியே கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நாங்கள் உள்ளே பழைய ஷேப்பர் இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் பொறுப்பும் அதிகாரமும் ஒரே திசையில் போக வேண்டும். 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டத்தில், ஆலையில் வேலை கற்கும் பழகுநர்களை (அப்ரண்டிஸ்களை) எடுக்காமல் ஏமாற்றும் முதலாளிக்குச் சிறைத்தண்டனை வரை இருந்தது. 2014இல் அதைத் திருத்தினார்கள். அந்தத் திருத்தம் வைத்தது அபராதம் மட்டும்தான்: குறைகிற ஒவ்வொரு பழகுநருக்கும் மாதம் 500 ரூபாய், மூன்று மாதத்துக்கு மேல் போனால் மாதம் 1,000 ரூபாய். சிறைக்கு அனுப்பவேண்டும் என்று நான் வாதாடவில்லை. தங்கள் ஆலைக்குள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய கடமை இப்படி இலகுவாகிக்கொண்டே வர, பிள்ளைகள் படிக்கும் நிலையத்தை ஆளும் உரிமை மட்டும் கூடிக்கொண்டே வருவது சரியாகப் படவில்லை. ஐடிஐயின் தலைமைப் பொறுப்பு கேட்டு வரும் எந்த நிறுவனமும் முதலில் தன் ஆலையில் எத்தனை பழகுநர்களை எடுத்தது, எத்தனை பேரைப் பிறகு நிரந்தரமாக்கியது என்ற கணக்கைக் கொடுக்கட்டும். அதைக் கேட்பது உங்களால் முடியும்.

இது போன்ற பேச்சு வரும்போதெல்லாம் ஜெர்மனியைப் பாருங்கள் என்பார்கள். பார்க்கலாம், முழுதாகப் பார்க்கலாம். அங்கே 1969இல் வந்த தொழிற்பயிற்சிச் சட்டப்படி, பயிற்சியை மேற்பார்வையிடும் ஒவ்வொரு தொழில் வணிகச் சபையிலும் ஒரு தொழிற்பயிற்சிக் குழு இருக்க வேண்டும். அதில் முதலாளிகளின் பிரதிநிதிகள் ஆறு பேர், தொழிலாளர்களின் பிரதிநிதிகள் ஆறு பேர், தொழிற்பள்ளி ஆசிரியர்கள் ஆறு பேர். ஆசிரியர்களுக்குப் பெரும்பாலும் ஆலோசனை உரிமைதான் என்றாலும் நாற்காலி உண்டு. தேர்வு வைக்கும் குழுக்களிலும் தொழிலாளர் தரப்புக்கு முதலாளி தரப்புக்குச் சமமான இடம். ஜெர்மன் பயிற்சி முறையின் பெருமையாக நாம் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இந்தச் சமமான நாற்காலிகள் இருக்கின்றன. நம் ஐடிஐ குழுக்களில் ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதிக்குக்கூட இதுவரை இடமில்லை. திறமையான தொழிலாளி என்றால் யார் என்று இன்னொரு திறமையான தொழிலாளியிடம் நாம் கேட்டதே இல்லை.

எந்தத் தொழில்துறை என்பதும் முக்கியம். ஒரு தொகுப்புக்குத் தலைமை ஏற்க வருவது பெரிய நிறுவனமாகத்தான் இருக்கும். எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேலைக்குப் போனது பெரிய நிறுவனத்துக்கு இல்லை. எட்டுப் பேர், பதினைந்து பேர் வேலை செய்யும் பட்டறைகளுக்குப் போனார்கள். கோயம்புத்தூரில் பம்பு வார்ப்படம், அம்பத்தூரில் சின்னச் சின்ன ஜாப் ஒர்க் பட்டறைகள், சிவகாசியில் அச்சகங்கள், நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் கூடங்கள். அந்தப் பட்டறைக்காரர் வாங்கிப்போடும் இயந்திரம் வேறு, அவருக்கு வேண்டிய ஆள் வேறு. ஒரே ஆள் மார்க்கிங் போட வேண்டும், வெல்டிங் பிடிக்க வேண்டும், மோட்டார் நின்றால் கழற்றிப் பார்க்க வேண்டும். பெரிய ஆலைக்கு ஒரே வேலையைப் பிசகாமல் செய்யும் ஆள் போதும். இரண்டு பேரும் தேவைதான். ஆனால் பாடத்தை முடிவு செய்யும் மேசையில் ஒருவர் மட்டும் உட்கார்ந்தால், அவருக்கு வேண்டிய ஆளைத்தான் ஐடிஐ தயார் செய்யும். சிறுதொழில் சங்கத்துக்கு இரண்டு இடமாவது கேளுங்கள். இணை நிலையங்களாகச் சேரும் சிற்றூர் ஐடிஐகளின் முதல்வர்களுக்கும் அந்த மேசையில் இடம் வேண்டும். மாவட்டத் தலைநகரில் இருக்கும் மைய நிலையத்துக்கு ரோபோ வந்துவிடும். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இணை நிலையத்துக்கு மாதம் ஒருமுறை பேருந்தில் போய் அதைப் பார்த்துவிட்டு வரும் வாய்ப்பு மட்டும் வந்தால் போதாது.

இந்த மாநிலமே தன் பங்குக்குச் செய்த நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும். டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் 2,877 கோடி ரூபாய்த் திட்டமாக, ரோபோ போன்ற நவீன இயந்திரங்களில் பயிற்சி தரும் தொழில் 4.0 மையங்களைக் கொண்டுவந்தீர்கள். 2023 ஜூலையில் ஒரகடத்தில் முதல் தொகுதி திறந்தபோது எனக்கு ஓய்வுக்காலம் தொடங்கியிருந்தது. அதன் பிறகு அப்படி ஒரு மையத்தைப் போய்ப் பார்த்தேன். ரோபோக் கை நகர்வதைத் திரையில் நிரல் எழுதி ஒரு பெண் மாற்றிக் காட்டினாள். அவள் அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். வெளியே வந்து வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன், மனசு நிறைந்து.

அந்த நிறைவோடுதான் இதையும் கேட்கிறேன். அந்த இயந்திரங்களுக்கு ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகு பழுது பார்ப்பது யார்? கட்டிங் டூல் உடைந்தால் மறுநாள் மாற்றிப் போடும் அதிகாரம் அந்தப் பயிற்றுநருக்கு உண்டா? ஏன் கேட்கிறேன் என்றால், தொண்ணூறுகளில் எட்டரை மில்லிமீட்டர் டிரில் பிட்டுக்கு இண்டென்ட் போட்டுக் காத்திருந்தவன் நான். எம்10 டேப் போட, அதாவது பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் துளைக்குள் மரை வெட்ட, எட்டரைத் துளை வேண்டும். ஜூனில் எழுதிக் கொடுத்தேன். கொட்டேஷன், ஒப்பீட்டுப் பட்டியல், மண்டல அலுவலகம் எல்லாம் கடந்து ஜனவரியில் வந்தது. வந்தது ஹை ஸ்பீடு ஸ்டீல் இல்லை, சாதா கார்பன் ஸ்டீல். விலை குறைவானதைத்தான் எடுக்க வேண்டும் என்பது விதி. நாலு துளைக்குள் முனை நீலம் பாய்ந்துவிட்டது. ஏப்ரலில் பிள்ளைகள் டேப்பிங் பயிற்சியைக் கரும்பலகையில் படம் பார்த்துக் கற்றார்கள். விதி திருட்டைத் தடுக்க வந்தது என்பது எனக்கும் தெரியும். ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இலேயே இந்த மாநிலத்தில் வந்துவிட்டது, அது இருக்கத்தான் வேண்டும். அதற்குள்ளேயே ஒரு முதல்வர் தன் பொறுப்பில், நுகர்பொருளுக்கு மட்டும், மாதம் இவ்வளவு என்று கடையில் நேரடியாக வாங்கவும், மாத முடிவில் பில்லோடு கணக்கு வைக்கவும் போதுமான தொகையை ஒதுக்க முடியும். இன்றைய விலைவாசிக்குப் போதுமான தொகை என்று அழுத்திச் சொல்கிறேன். கோடிகளில் வரும் இயந்திரம் சில நூறு ரூபாய் டூலுக்காகத் துணி போர்த்தி நிற்பதைத் தடுக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

பயிற்றுநர் பணியிடங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதை உங்களிடம் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். என் கடைசி ஆறு ஆண்டுகளில் இரண்டு யூனிட்டுக்கு நான் ஒருவன். நாற்பது பிள்ளைகள், இரண்டு வெவ்வேறு ஆண்டு, ஒரே நேரம். ஒரு பக்கம் கிரைண்டரில் பையன் நிற்கும்போது இன்னொரு பக்கம் கரும்பலகையில் எழுதக்கூடாது, ஆனால் எழுதினேன். புதிய நிறுவனம் வந்த பிறகு காலிப் பணியிடங்களை நிரப்புவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள். இது மாநிலத்தின் வேலை என்று நிறுவனமும், இது நிறுவனத்தின் வேலை என்று மாநிலமும் சொல்லிக்கொள்ளும் நிலை வந்தால், அந்தச் சுமை கிரைண்டர் அருகே நிற்கும் பையன் மேல்தான் இறங்கும்.

சேர்க்கை பற்றியும் ஒன்று. 2007 திட்டத்தில் குழு முடிவு செய்யலாம் என்றிருந்த 20 சதவீத இடங்களைப் போல ஏதாவது ஒரு பங்கு இந்த முறையும் வருமானால், அந்த இடங்களுக்கும் 69 சதவீத இடஒதுக்கீடு முழுமையாகப் பொருந்தும் என்பதையும், கட்டணம் ஒரு ரூபாய்கூட ஏறாது என்பதையும் முன்கூட்டியே ஆணையாக வெளியிடுங்கள். அரசு ஐடிஐக்கு வருகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். இலவசப் பேருந்து அட்டை இல்லாவிட்டால் வர முடியாத பிள்ளைகள். புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் ஆயிரம் ரூபாயை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிடும் பிள்ளைகள்.

குழுவில் பயிற்றுநருக்கும் பயிற்சியாளருக்கும் இடம் கேட்டால் கொடுத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன். 2007லேயே கொடுத்தார்கள். என் வேண்டுகோள் அதற்கு அடுத்த படி. அந்தப் பயிற்றுநரை முதல்வர் கைகாட்டக்கூடாது, பயிற்றுநர்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். பயிற்சியாளர் பிரதிநிதியையும் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். ஒருவர் வேண்டாம், இரண்டு பேர், அதில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளை அவ்வளவு பெரிய மேசையில் உட்கார்ந்தால் வாய் வராது, பக்கத்தில் இன்னொரு பிள்ளை இருந்தால் வரும். கூட்டத்துக்குரிய தாள்கள் ஒரு வாரம் முன்பே தமிழில் அவர்கள் கையில் இருக்க வேண்டும். அவர்கள் எழுப்பும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அடுத்த கூட்டத்துக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும், முடியாது என்றால் எந்த விதியால் முடியாது என்பதோடு. அந்த எலக்ட்ரீசியன் பெண்ணுக்கு அன்றைக்கு அப்படி ஒரு பதில் எழுதப்பட்டிருந்தால், அந்த விதி யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கும்.

அவள் இப்போது மின்வாரியத்தில் இருக்கிறாள். தன் மகனை ஐடிஐயில் சேர்ப்பேன் என்று போன தீபாவளிக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவன் இன்னும் மூன்றாம் வகுப்புதான்.

ஒரே ஒரு வேண்டுகோள் பாக்கி. புதிய குழு எந்த வடிவில் வந்தாலும், அதன் ஒவ்வொரு கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பையும் அந்த மாத வரவு செலவையும் நிலையத்துக்குள் ஒட்டச் சொல்லுங்கள். முதல்வர் அறைக்கு வெளியே இருக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் வேண்டாம், அதன் பக்கம் பிள்ளைகள் போவதில்லை. பட்டறைக்கும் வகுப்பறைக்கும் நடுவே தண்ணீர்த் தொட்டி இருக்கும். காலை பத்தரை மணி இடைவேளையில் எல்லாப் பிரிவுப் பிள்ளைகளும் கையில் கிரீஸோடு அங்கேதான் நிற்பார்கள். அந்தச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள், எழுத்து கொஞ்சம் பெரிதாக.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பயிற்சி அலுவலர்,
பிட்டர் பிரிவு